ஏரியில் தண்ணீர் ஏறும் முன் கணக்குக் கேளுங்கள்

உங்கள் ஊர் ஏரியில் தூர்வாரும் பணி நடந்திருக்கும். பொக்லைன் வந்தது, சில நாள் ஓடியது, கரையில் கொஞ்சம் மண் ஏறியது, போய்விட்டது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது போலத் தோன்றும். எத்தனை அடி ஆழம் எடுத்தார்கள், எத்தனை கன மீட்டர் மண்ணுக்குப் பில் போட்டார்கள் என்பதை அதற்குப் பிறகு யாரும் அளந்து பார்க்க முடியாது. வேலைக்கான சாட்சி தண்ணீருக்கு அடியில் போய்விடுகிறது.

அப்படியானால் இந்தப் பணத்துக்கு யார் கணக்குப் பார்க்கிறார்கள்? பார்க்கிறார்கள். சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில், மாநிலக் கணக்காயர் அலுவலகம் இருக்கிறது. சி.ஏ.ஜி. என்று நாம் சொல்லும் இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கீழ் இயங்குவது அது. அங்கிருந்து தணிக்கைக் குழுக்கள் மாவட்டங்களுக்கும் வட்டாரங்களுக்கும் போய்க் கோப்புகளைப் பார்க்கின்றன. குறை தெரிந்தால் துறையிடம் விளக்கம் கேட்கின்றன. விளக்கம் போதாவிட்டால் அது அறிக்கையில் ஏறுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 151-ஆவது பிரிவின்படி அந்த அறிக்கை ஆளுநரிடம் போய், சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. பிறகு சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு துறைச் செயலாளரை அழைத்துக் கேள்வி கேட்கிறது.

இந்த முறை நமக்குப் பிரிட்டனிடமிருந்து வந்தது. அங்கே 1861-இல் பொதுக் கணக்குக் குழு ஏற்பட்டது. இந்தியாவில் 1921-இல் தொடங்கியது. இன்று நாடாளுமன்றக் குழுவில் மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர், ஆக 22 உறுப்பினர்கள். அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவராக இருப்பது வழக்கம். செலவு செய்தவரே கணக்கையும் சரிபார்க்கக் கூடாது என்பதுதான் காரணம்.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அதில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, தணிக்கை எல்லா வேலைகளையும் பார்ப்பதில்லை. சிலவற்றை மட்டும் மாதிரிக்கு எடுத்துப் பார்க்கிறது. உங்கள் ஏரி அந்தச் சிலவற்றில் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இரண்டு, அது தாமதமாக வருகிறது.

எவ்வளவு தாமதம் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாறு ஆறு கரை மீறி சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், அடையாறு பகுதிகளுக்குள் புகுந்தது. செம்பரம்பாக்கம் பழைய பாசன ஏரி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்று மதகடியில் முடிவு செய்வதன் அருமை உழவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த வெள்ளம் பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கை, நீர் திறப்பில் நடந்த தவறுகளையும் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றாமல் விட்டதையும் எடுத்துச் சொல்லி, இது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று கூறியது. வரலாறு காணாத மழையே காரணம் என்பது அரசுத் தரப்பின் வாதம். யார் சொல்வது சரி என்று அவையில் உடனே விவாதித்திருக்க வேண்டும். ஆனால் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். இடையில் இரண்டு வடகிழக்குப் பருவமழைகள் வந்து போய்விட்டன. வெள்ளத்தில் வீடு இழந்தவர் வேறு இடம் பார்த்துப் போயிருப்பார். அன்று பொறுப்பில் இருந்த அதிகாரிகள் மாறியிருப்பார்கள்.

ஏரியில் தூர்வாரியதற்குச் சொன்னது நகரத்து மழைநீர் வடிகாலுக்கும் பொருந்தும். மூடி போட்டு மேலே நடைபாதை அமைத்துவிட்டால், கீழே வாட்டம் சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. பெரும் பணம் செலவழித்துச் சீர்மிகு நகரத் திட்டப் பணிகள் நடந்த தியாகராய நகர், 2021 நவம்பர் மழையில் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. அதன் பிறகுதான், 2022-இல், அந்தத் திட்டப் பணிகளை விசாரிக்க ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் ஒரு நபர் விசாரணை அமைக்கப்பட்டது. வேலை முடிந்து, பணம் பட்டுவாடா ஆகி, வெள்ளமும் வந்த பிறகு விசாரணை.

கணக்குக் கேட்பது எப்போதுமே இப்படி மெதுவாகத்தான் நடக்குமா? இல்லை. அதற்கும் தென் சென்னையிலேயே சான்று உண்டு. ஆழ்வார்பேட்டை வழியாகப் போகும் டி.டி.கே. சாலை யார் பெயரில் இருக்கிறதோ, அந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957 தேர்தலில் தென் சென்னையில் வென்று மக்களவைக்குப் போனவர். நேரு அமைச்சரவையில் நிதியமைச்சர். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆகி எல்.ஐ.சி. பிறந்திருந்தது. மக்கள் கட்டிய பிரீமியப் பணத்திலிருந்து சுமார் 1.24 கோடி ரூபாயை, ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் எல்.ஐ.சி. போட்டது. முதலீட்டுக் குழுவின் ஆலோசனையைக் கேட்காமலேயே அது நடந்தது.

1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து இதைக் கேட்டார். அவரும் ஆளுங்கட்சிக்காரர்தான், பிரதமர் நேருவின் மருமகனும்கூட. வெறும் குற்றச்சாட்டாகச் சொல்லாமல், என்ன பங்கு, எப்போது வாங்கியது, என்ன விலை என்று விவரத்தோடு கேட்டார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருவரைக் கொண்ட விசாரணை ஆணையம் அமைந்தது. விசாரணை மக்கள் முன்னிலையில் நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவி விலகினார். கேள்விக்கும் பதவி விலகலுக்கும் இடையே சுமார் இரண்டு மாதம்தான். அவர் சொந்தமாகப் பணம் எடுத்தார் என்பதல்ல அங்கே பேச்சு. செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்பதுதான். பிற்பாடு 1963-இல் அவர் மீண்டும் நிதியமைச்சர் ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று இரண்டு மாதத்தில் முடிந்ததற்கும், 2015 வெள்ளக் கணக்கு அவைக்கு வரவே இரண்டரை ஆண்டு ஆனதற்கும் பல காரணங்கள் இருக்கலாம். ஒன்று மட்டும் தெளிவு. அன்று கேட்டவர் கையில் தேதியும் தொகையும் இருந்தன. அப்படிப்பட்ட கேள்வியைத் தட்டிக் கழிப்பது கடினம்.

'தணிக்கை, தணிக்கை என்று போனால் வேலையே நடக்காது, மானியம் தாமதமாகும், நல்ல அதிகாரிகூடக் கையெழுத்துப் போடப் பயப்படுவார்' என்று களப்பணியாளர்களில் சிலர் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 2020-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிரதமரின் கிசான் சம்மான் திட்டத்தில், தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போனது வெளியே வந்தது. உள்நுழைவு எண்ணும் கடவுச்சொல்லும் கைமாறியிருந்தன. பணத்தைத் திரும்ப வசூலிக்கவும், பட்டியலைச் சரிபார்க்கவும் வேளாண் துறை ஊழியர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். உண்மையான விவசாயியும் மறுபடி ஆவணம் காட்ட வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் சரியாகப் பார்க்காமல் விட்டால், சிரமப்படுவது நேர்மையாக இருந்தவர்தான்.

ஆகவே பில் பாஸ் ஆகும் முன்பே கேளுங்கள். எப்படி என்று சொல்கிறோம்.

முதலில் ஏரி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளது பொதுவாக நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். வேலை தொடங்கும்போது பணியிடத்தில் தகவல் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர் பெயர், முடிக்க வேண்டிய தேதி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றை வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று கைப்பேசியில் படம் எடுங்கள். ஆழத்தை நாலு இடத்தில் கயிறு போட்டு அளந்து, ஊரார் இருவர் முன்னிலையில் எழுதி வையுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு இந்த ஒரு தாள்தான் பேசும்.

அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். மதிப்பீட்டின் நகல், ஒப்பந்த நகல், எம்-புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தின் நகல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. காகிதத்தை மட்டுமல்ல, நடக்கும் பணியையே நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது. மதகுக்குப் போடும் கான்கிரீட்டில் சந்தேகம் இருந்தால் மாதிரி கேட்கலாம்.

மூன்றாவது, கிடைத்ததைப் பேச வேண்டிய இடத்தில் பேசுங்கள். கிராம சபையில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு ஆகியவை மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வருகின்றன. செய்தித்தாளில் அறிவிப்பு வரும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் 'ஏரியில் ஊழல்' என்று பொதுவாகச் சொன்னால் கேட்டுக்கொண்டு போய்விடுவார். 'இந்த ஏரி, இத்தனை லட்சம், எம்-புக்கில் நாலு அடி, நாங்கள் அளந்தது இரண்டு அடி' என்று தாளோடு கொடுத்தால், அவையில் கேட்க அவருக்கு ஒரு கேள்வி கிடைக்கும்.

வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் பணிபுரிபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளைக்குத் தணிக்கைத் தடை வந்தால் பதில் எழுதப்போவது நீங்கள். இன்று விவசாயி வந்து பயனாளிப் பட்டியலைக் கேட்டால் எரிச்சல்படாதீர்கள். அவர் பட்டியலில் காட்டும் தவறு, பிற்பாடு உங்கள் பெயரில் வரவிருக்கும் தடையைத் தவிர்க்கும்.

தேனாம்பேட்டைத் தணிக்கையாளர் உங்கள் ஏரிக்கு வருவதற்குள் அது நிரம்பி வடிந்திருக்கலாம். நீங்கள் கரையிலேயே இருக்கிறீர்கள். அளவுகோலும் உங்கள் கையில் இருக்கிறது. பருவமழைக்கு முன் ஒரு முறை இறங்கி அளந்துவிடுங்கள்.