லேப்டாப் சார்ஜரில் ஒளிந்திருக்கும் எமன்!

"லேப்டாப்பைத் தொட்டா கை சுரீர்னு இழுக்குது, சார்!"

சென்னை ரிச்சி தெருவில் உள்ள ரிப்பேர் கடைகளில் இந்தப் புகார் சர்வ சாதாரணம்.

கடைக்காரர் சார்ஜரை வாங்கிப் புரட்டிப் பார்க்கிறார். பிளக்கில் 3 பின் இருக்க வேண்டும். இருப்பது 2 பின்தான். மேலே உள்ள தடித்த பின்னைக் காணோம்!

"வீட்டிலே ரெண்டு ஓட்டை பாயிண்ட்தான். நுழையலே. அதான் வெட்டிட்டோம்."

வெட்டியது எதை? உயிர் காக்கும் "எர்த்"தை!

கசியும் மின்சாரம்

சுவரில் இருந்து வருவது 230 வோல்ட். லேப்டாப்புக்குத் தேவை 19, 20 வோல்ட்தான். குறைத்துக் கொடுப்பது சார்ஜரின் வேலை. அப்போது துளி மின்சாரம் கசியும். அது எர்த் வழியாகத் தரைக்குப் போய்விட வேண்டும். அந்த வழியை அடைத்தால், லேப்டாப்பின் உலோக மூடியில் வந்து நிற்கும். தொட்டால் சுரீர்!

ஒழுங்கான சார்ஜர் என்றால் சுரீரோடு போகும். போலி சார்ஜரில் உள்ளே காப்பு சரியாக இருக்காது. 230 வோல்ட்டும் நேராகப் பாய்ந்தால் என்ன ஆகும்? அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது படிக்கிற பிள்ளை!

அச்சு அசல் போலி

போலியைக் கண்டுபிடிப்பது லேசு அல்ல. கம்பெனி பெயர், முத்திரை எல்லாம் அச்சு அசலாக இருக்கும். கையில் தூக்கினால் பல சமயம் காற்றடைத்த டப்பா மாதிரி கனமே இருக்காது. சில நூறு ரூபாய் மிச்சம் என்று வாங்கிப் போகிறார்கள். 30 ஆயிரம், 40 ஆயிரம் கொடுத்து வாங்கிய லேப்டாப்புக்கு இதுதானா ஜோடி?

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி, சார்ஜருக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். "ஆர்" என்று தொடங்கும் பதிவு எண் அதன் மேல் இருக்க வேண்டும். "பி.ஐ.எஸ். கேர்" செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் உண்மையா, புளுகா என்று தெரிந்துவிடும். வாங்குகிறவன் தட்டிப் பார்ப்பது இருக்கட்டும். அதிகாரிகள் கடை கடையாக ஏறிப் பார்த்தால் என்ன?

பெரிய கம்பெனியே தப்பு செய்தது உண்டு. 2014-ல் எச்.பி. கம்பெனியின் லேப்டாப் மின்வயர்கள் சூடேறி உருகின. அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 60 லட்சம் வயர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு புது வயர் கொடுத்தார்கள். இங்கே போலி வயர் உருகினால் யாரிடம் போய்க் கேட்பது? கையில் பில்லே கிடையாதே!

மெத்தையில் வேண்டாம்

மெத்தை, தலையணை மேல் லேப்டாப்பை வைத்து சார்ஜ் போடுவதும் ஆபத்து. காற்று ஓட்டை அடைபட்டு சூடு ஏறும். பாட்டரி உப்பி அடிமூடி தூக்கினால், உடனே சார்ஜரைப் பிடுங்க வேண்டும். அமுக்கவோ குத்தவோ கூடாது. அதைக் குப்பைத் தொட்டியில் வீசுகிறவர்களை என்ன சொல்வது? குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடித்தால், வேகப்போவது தூய்மைப் பணியாளர்தானே!

வீட்டுக்காரர் மனசு வைப்பாரா?

பின்னை வெட்டுகிறவர்களை மட்டும் திட்டியும் பயன் இல்லை. பழைய வாடகை வீடுகள் பலவற்றில் எர்த் வயரே இல்லை. 3 ஓட்டை பாயிண்ட் பளபளவென்று இருக்கும். பின்னால் எர்த் வயர் இருக்காது! எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் சில நிமிடத்தில் சோதித்துச் சொல்லிவிடுவார்.

11 மாதத்துக்கு ஒரு தடவை வாடகையை ஏற்றத் தெரிந்த வீட்டுக்காரர்கள், எர்த் கேட்டால் மட்டும் "அது உங்க செலவு" என்று கையை விரிப்பது எந்த ஊர் நியாயம்?