வாயசைக்கிற நாடகம் வேண்டாம்

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களின்ரை ஆண்டுவிழா நாடகங்களைப் பற்றிக் கொஞ்சம் காரமாத்தான் எழுதப்போறன். கோவிக்கிற ஆக்கள் கோவிக்கலாம்.

இங்கை லண்டனிலை நான் பாத்ததுகளிலை முக்கால்வாசி நாடகமே இல்லை. முழு வசனத்தையும் முதலே பதிவுசெய்து, பின்னணி இசையும் சேர்த்து ஒரே கோப்பாக்கிப் போட்டுவிடுகினம். பிள்ளையள் வாயை மட்டும் அசைக்குதுகள். 1803இல முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச பண்டாரவன்னியன் மேடையிலை கர்ச்சிக்கிறார். குரல் ஒரு ரீச்சரின்ரை மனுசனுடையது. இதுக்கு என்னத்துக்கு வருசம் முழுக்கத் தமிழ் படிப்பிச்சனியள்?

கேட்டால் மூண்டு காரணம் சொல்லுவினம். மைக் காணாது, சனம் சத்தம் போடும், பிள்ளை வசனத்தை மறந்திடும். மைக்கை வாடகைக்கு எடுக்கலாம். சனம் கதைக்கிறதே மேடையிலை உயிர் இல்லாததாலைதான். பிள்ளை மறந்தால் பக்கத்திலை நிக்கிற பிள்ளை எடுத்துக் குடுக்கும். பதிவு எடுத்துக் குடுக்காது, காத்தும் நிக்காது. ஒரு பிள்ளை உள்ளுக்கு வர 5 செக்கன் பிந்தினால், பிறகு ராசாவின்ரை வாயிலை மந்திரியின்ரை குரல்தான். சனம் சிரிச்சால் அடுத்த வசனம் சிரிப்புக்குள்ளை போயிடும். நடிகமணி வைரமுத்து மயான காண்டத்தை ஊரூராய்ப் பாடி நடிச்சவர். அவருக்குப் பின்னாலைதான் ஆர்மோனியம் போனது.

பதிவுசெய்த ஒலியே கூடாது எண்டு நான் சொல்லேல்லை. மழை, இடி, ஹெலிச் சத்தம் எல்லாம் வேணும்தான். ஆனா அதுக்கு ஒரு முறை இருக்கு. ஒவ்வொரு ஒலியும் இலக்கம் போட்ட தனிக் கோப்பு. எந்தச் சொல்லுக்குத் தொடங்கோணும், எங்கை மெல்லக் குறையோணும் எண்டு பிரதியிலை பென்சிலாலை குறிக்கோணும். 'ஆயத்தம்' எண்டால் கை பொத்தானிலை, 'போ' எண்டால் அமத்துறது. நான் வேலைசெய்யிற குசினியிலையும் இதுதான்: ஓடர் கூப்பிட்டால் கேட்டவன் திரும்பக் குரல் குடுக்கோணும். மக் கணினி இருந்தால் கியூலேப்பின்ரை இலவசப் பதிப்பே போதும். வெறும் மண்டபத்திலை வைச்ச சத்தம் சனம் நிறைஞ்சால் காணாது. உடம்பும் உடுப்பும் சத்தத்தைக் குடிக்கும். இதெல்லாம் ஒத்திகையிலை பாக்கிற வேலை.

நடக்கிறது என்ன? தொடங்க 5 நிமிசத்துக்கு முன்னம், ஒத்திகைக்கே கூப்பிடாத ஒரு பெடியனின்ரை கையிலை போனைக் குடுக்கிறது. 2024இல ஒரு விழாவிலை வன்னியன் சாகிற நேரம் ஸ்பீக்கருக்குள்ளாலை வாட்ஸப் மணி அடிச்சுது. போனை ஏரோபிளேன் மோட்டிலை போடச் சொல்ல ஒருத்தரும் இல்லை. ஏச்சு விழுந்தது அந்தப் பெடியனுக்கு மட்டும்!

அதோடை சினிமாப் பின்னணி இசை வேறை. தாய் அழுகிற காட்சிக்குப் படத்து வயலினைப் போட்டால் சனத்துக்கு ஞாபகம் வாறது படத்து நடிகை. மேடையிலை அழுகிற பிள்ளையை ஆர் பாக்கினம்?

அடுத்த விழாவுக்கு, நடிக்க வெக்கப்படுற ஒரு 15 வயசுப் பிள்ளையை ஒலிக்குப் பொறுப்பாய்ப் போடுங்கோ. முதல் ஒத்திகையிலிருந்தே இருத்துங்கோ. சரியான சொல்லிலை பொத்தானை அமத்த வசனம் விளங்கோணும். அதுவும் தமிழ்ப் படிப்புத்தான். நடிக்கிற பிள்ளை கொன்னட்டும், 'ழ' வராட்டிப் பரவாயில்லை. அது அந்தப் பிள்ளையின்ரை தமிழ். அதைக் கேக்கத்தானே காசு குடுத்து மண்டபம் எடுக்கிறம்?