பாய்வதற்கு முதல் நிற்கப் பழகட்டும்



அஸர் தொழுதுவிட்டு கல்முனைக்குடி கடற்கரைப் பக்கமோ சாய்ந்தமருது தோணாப் பக்கமோ போகின்றவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். வீடு கட்டக் கொட்டிய மண் கும்பம் ஒன்று, அதில் சாய்த்து வைத்த பலகை ஒன்று, தூரத்திலிருந்து மிதித்து வந்து பாயும் ஐந்தாறு பிள்ளைகள். "என்ன மகன் இது?" என்று கேட்டால், "ஃபிரீரைட் சேர்" என்கிறார்கள்.

தெரியாத பெற்றோருக்காகச் சொல்கிறோம். ஃபிரீரைட் என்பது நேரம் பார்த்து ஓடும் போட்டி அல்ல. மலைச் சரிவில் தான் விரும்பிய வழியைத் தெரிவு செய்து, பாறையிலிருந்து குதித்து, பள்ளம் தாண்டி இறங்குவது. கனடாவின் வன்கூவர் நகருக்கு வடக்கே உள்ள மலைகளில் 1990களில் வளர்ந்த பழக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2001இல் தொடங்கிய ரெட் புல் ரம்பேஜ் நிகழ்ச்சியின் வீடியோக்களைத்தான் நம் பிள்ளைகள் போனில் பார்க்கிறார்கள்.

திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அறைக்குள் போனோடு கிடக்கும் பிள்ளையை விட மண்ணில் புரளும் பிள்ளை மேல் என்பதுதான் எங்கள் எண்ணம். நாங்கள் பயப்படுவது அவர்கள் ஏறியிருக்கும் சைக்கிளைப் பார்த்துத்தான்.

வாப்பா கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் "டபுள் ஷொக்" சைக்கிள் ஒன்று வாங்கப்படுகிறது. முன்னுக்கும் ஸ்பிரிங், பின்னுக்கும் ஸ்பிரிங், டிஸ்க் பிரேக், பளபளக்கும் நிறம். பார்க்க வீடியோவில் வருவது போலவே இருக்கும். ஆனால் ரம்பேஜில் ஓடும் சைக்கிளின் முன் ஷொக் சுமார் 200 மில்லிமீற்றர் அமுங்கும். அதற்குள் இருக்கும் எண்ணெய், அமுங்கிய ஷொக் மெதுவாகத் திரும்பி எழும்படி பார்த்துக்கொள்ளும். மலிவான டபுள் ஷொக்கில் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான். அமுங்கும், உடனே எறியும். மோட்டார் சைக்கிளில் எண்ணெய் வடிந்துபோன ஷொக்கோடு பள்ளத்தில் இறங்கியவர்களுக்கு இது விளங்கும். விலை குறைந்த டபுள் ஷொக்கை விட, பின் ஷொக் இல்லாத சாதாரண மவுண்டன் சைக்கிள் பாரமும் குறைவு, பலமும் கூட. முதல் சைக்கிள் வாங்கப் போகின்றவர்கள் இதை மட்டுமாவது கவனியுங்கள்.

வாங்கிய பிறகு பிள்ளைகள் செய்யும் "அப்கிரேட்" என்ன? ஸ்டிக்கர், சில்லுக்கு லைட், நிறமான பெடல். பிரேக்கை யாரும் தொடுவதில்லை.

மவுண்டன் சைக்கிள் பிறந்த கதையைக் கேளுங்கள். 1970களில் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள், நம் வாப்பாமாரின் காலத்துச் சைக்கிள் போன்ற பாரமான பழைய சைக்கிள்களில் மலையிறங்கினார்கள். 1976 ஒக்டோபரில் ஃபெயார்ஃபக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் போட்டியும் வைத்தார்கள். மூன்று கிலோமீற்றர் சொச்சத்தில் ஏறக்குறைய 400 மீற்றர் இறக்கம். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக். கீழே வருவதற்குள் சூடேறி உள்ளே இருந்த கிரீஸ் புகையாகிப் போகும். ஒவ்வொரு முறையும் கழற்றிப் புதுக் கிரீஸ் வைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு "ரீபெக்" என்று பெயர் வந்தது. அவர்களில் ஒருவரான கேரி ஃபிஷர் தன் பழைய சைக்கிளுக்கு டிரம் பிரேக்கும் மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரும் பூட்டினார். பின்னாளில் பெரிய கம்பனிகள் செய்து விற்ற சைக்கிள்களுக்கு ஆரம்பம் இந்த ஒட்டுவேலைதான். அதில் பிரேக்குக்கு இருந்த இடத்தைப் பாருங்கள்.

ஆகவே கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் பிரேக். கேபிள் துருப்பிடித்திருந்தால் கேபிளும் உறையும் சேர்த்து மாற்றுங்கள், பட்டை தேய்ந்திருந்தால் அதையும். பிறகு முடியுமானால் ஹைட்ரோலிக். பிரேக் லீவரை ஒரே விரலால் இழுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். மற்ற மூன்று விரலும் ஹேண்டிலை விடக்கூடாது. நிற்கும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. "முன் பிரேக் பிடிச்சா கவிழ்ந்திடும்" என்று பிள்ளைகளைப் பயமுறுத்தி அதைக் கழற்றி வைத்திருக்கும் வாப்பாமாரும் நம் ஊரில் உண்டு!

அடுத்தது டயர். அகலமான, பல் உள்ள டயர், அளவான காற்று. கல்லுப் போலக் காற்றடித்தால் மண்ணில் வழுக்கும். மிகக் குறைத்தால் ரிம் நசுக்கி டியூபில் இரண்டு துளை விழும்.

மூன்றாவது பின் சில்லு. மலிவான சைக்கிளில் ஃபிரீவீல் திருகிப் பூட்டும் ஹப்தான் வரும். அதில் வலப்பக்கப் போல்ஸ் உள்ளுக்குத் தள்ளியிருப்பதால், பாயப் பாய அச்சு வளையும், ஒருநாள் முறியும். கெசட் பூட்டும் ஹப்பும் இரட்டைச் சுவர் ரிம்மும் போட்டால் அந்தச் சில்லு தாங்கும். ஷொக் எல்லாவற்றுக்கும் கடைசி. நல்ல ஷொக் போட்டாலும், ஏறி உட்கார்ந்தவுடன் அதன் நீளத்தில் கால்வாசி அமுங்குகிறதா என்று பாருங்கள். அமுங்கவே இல்லையென்றால் அது பிள்ளையின் நிறைக்குச் சரியாகச் செட் பண்ணப்படவில்லை.

காசே செலவில்லாத வேலையும் இருக்கிறது. முன் சில்லை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள், அசையக்கூடாது. எங்கள் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருவர் பாய்ந்து இறங்கியபோது ஹேண்டில் திரும்பியது, சில்லு திரும்பவில்லை. முறிந்தது எழுதும் கை. தவணைப் பரீட்சையை அவர் எழுதவில்லை. அலன் கீயால் அரைச் சுற்று இறுக்கியிருந்தால் போதும்.

நம்முடையது உப்புக் காற்று. கடற்கரையில் ஓடிவிட்டு அப்படியே சாத்தி வைத்தால் செயின் இரண்டு நாளில் சிவக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடப் பழக்குங்கள். 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் மூலையில் கிடந்த சைக்கிளை இழுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போன ஆசிரியர்கள் நாங்கள். துரு என்ன செய்யும் என்று நன்றாகவே படித்துக்கொண்டோம். ரியூசனுக்குச் சைக்கிளில் போகும் பெண் பிள்ளைகளின் பிரேக்கையும் இந்த வெள்ளிக்கிழமை ஒருமுறை பாருங்கள்.

தலைக்கவசம் பற்றி நீட்டவில்லை. அது இல்லாமல் பாயக்கூடாது. பலமாக அடிபட்ட கவசத்தை மறுபடி போடவும் கூடாது.

இன்னொன்று, இடம். நமக்கு மலை இல்லை. கல்லோயாத் திட்டத்து வாய்க்கால் கட்டும் வயல் வரம்பும்தான் பிள்ளைகளின் மலை. அங்கே விவசாயி துரத்துகிறார், அவர் துரத்துவதும் நியாயம். கட்டு உடைந்தால் வயல் போகும். பிறகு பிரதான வீதிக்கு வந்து பஸ்ஸுக்கு முன்னால் வீலிங் அடிக்கிறார்கள்.

வெளிநாடுகளில் "பம்ப் ட்ரெக்" என்று செய்கிறார்கள். மேடும் பள்ளமுமாக வளைந்து வரும் ஒரு மண் பாதை. பெடல் மிதிக்காமல், உடம்பை அமுக்கி எழுப்பியே சுற்றலாம். மலை வேண்டாம், பெரிய காணியும் வேண்டாம். சில லோட் கிறவல், மண்வெட்டி, ஒரு நாள் சிரமதானம். கிரிக்கெட்டுக்கு மைதானம் கேட்டு நிற்கும் நம் விளையாட்டுக் கழகங்கள், மைதானத்தின் ஒரு மூலையை இதற்கு விட்டுத் தர முடியாதா? மாநகர சபைக்குக் கடிதம் எழுத நாங்கள் தயார். மண் தரக்கூடியவர்கள், ட்ரக்டர் வைத்திருப்பவர்கள், சைக்கிள் திருத்தும் காக்காமார் கீழே கொமன்ட்டில் பெயரைப் போடுங்கள்.