வேலிக் காந்தளும் தோட்டக் காந்தளும்

மழைக்காலம் தொடங்கி இரண்டு நல்ல மழை பெய்ததும், அதுவரை இருந்த இடமே தெரியாதிருந்த காந்தள் கிளுவை வேலிகளின் அடியில் முளைத்தெழுந்து, தன் இலைகளின் சுருண்ட நுனிகளையே பற்றுக்கம்பிகளாகக் கொண்டு வேலியின்மீது ஏறுவதைக் குடியானவர் பலரும் கண்டிருப்பர். பச்சையாக அரும்பி, மஞ்சளாக விரிந்து, முடிவில் தழல்போற் சிவக்கும் அதன் மலரைப் போன்றதொரு மலர் நம் நாட்டில் வேறில்லை. குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லப்படும் மலர்களுள் முதலாவதாக நிற்பதும், இன்று தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்குவதும் இதுவே. பூத்துக் காய்த்தபின் கொடி உலர்ந்து மடியும். கிழங்கு மட்டும் அடுத்த மழை வரையில் மண்ணினுள் உறங்கிக் கிடக்கும். கிழங்கின் வடிவத்தைக் கொண்டு கலப்பைக்கிழங்கு என்றும், பூவை உற்று நோக்கினாற் கண் நோகும் என்னும் பழைய நம்பிக்கையைக் கொண்டு கண்வலிக்கிழங்கு என்றும் இதனை அழைப்பர். இலங்கைத் தமிழர் இதனைக் கார்த்திகைப்பூ என்பர்.

வேலியில் தானே முளைத்த இக்கொடி இன்று பணப்பயிராகிவிட்டது. திண்டுக்கல், திருப்பூர், கரூர் ஜில்லாக்களிலும், வேதாரணியம் முதலிய இடங்களிலும் இது சாகுபடி செய்யப்படுகிறது. இதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கால்ச்சிசின் என்னும் சத்தே இதற்குக் காரணம். 1820-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து இரசாயன நிபுணர்களான பெல்லெத்தியே, கவாந்து என்னும் இருவர், காந்தளுக்கு உறவான வேறொரு பூண்டிலிருந்து இச்சத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். கீல்வாதத்தின் ஒரு வகைக்கு இது நெடுங்காலமாக மருந்தாகி வருகிறது. 2023-ஆம் வருஷத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள், இதயநோய் உடையவர்களுக்கும் சிறு அளவில் இதனைக் கொடுக்க அனுமதி அளித்தனர். வித்துக்களின் நிறக்கோல்களை இரட்டிப்பாக்கிப் புதிய பயிர் வகைகளை உண்டாக்குவோருக்கும், 1937-ஆம் வருஷம் முதல் இது உற்ற கருவியாக இருந்து வருகிறது. ஆகவே இச்சரக்குக்குத் தேவை அற்றுப்போகும் என்று அஞ்ச இடமில்லை. அஞ்சத்தக்கது வேறொன்று, அது நடுவதற்குரிய கிழங்கைப் பற்றியது.

புதிதாகக் காந்தள் பயிரிட எண்ணும் விவசாயிக்கு முதலில் நேரும் பெருஞ்செலவு கிழங்குச் செலவே. ஏக்கர் ஒன்றுக்கு ஏறக்குறைய 800 கிலோ கிழங்கு வேண்டும். கிழங்கு ஒன்று 50 முதல் 60 கிராம் வரை இருத்தல் நலம் என்பதால், ஏறக்குறைய 14,000 கிழங்குகள் தேவைப்படுகின்றன. இத்தனை கிழங்கும் ஒருவர் தோட்டத்திலேயே கிடைப்பதில்லை. ஒரு பகுதி பழைய சாகுபடிக்காரரிடமிருந்து வருகிறது. மற்றொரு பகுதி வேலியோரங்களிலும், புறம்போக்குகளிலும், காட்டோரங்களிலும் தோண்டி எடுக்கப்பட்டுச் சந்தைக்கு வருகிறது. விலை கேட்கும் விவசாயி, அக்கிழங்கு எங்கே பிறந்தது என்று கேட்பதில்லை. இக்கேள்வியைக் கேளாமையால் அவனுக்கும் நஷ்டம், ஊருக்கும் நஷ்டம்.

காந்தட் கிழங்கின் இயல்பை அறிந்தால் இது நன்கு விளங்கும். அக்கிழங்கு பெரும்பாலும் இரண்டு கைகளாகப் பிரிந்து கலப்பை போல் இருக்கும். உருளைக்கிழங்கைப் போல் அதன் உடலெங்கும் கண்கள் இல்லை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் உண்டு. அந்நுனி ஒடிந்தால் அந்தக் கை முளையாது. கூலிக்குத் தோண்டுவோர் அவசரத்தில் மண்வெட்டியால் வெட்டி, மூட்டையிற் கொட்டி, வண்டியிலேற்றி அனுப்பும் கிழங்குகளில் நுனி ஒடிந்தவை எத்தனை என்பதைப் பணம் கொடுத்தவன் முளைப்புக் காலத்தில்தான் அறிகிறான். அழுகல் நோய் அக்கிழங்குகளோடு கூடவே வந்து, நோயறியாத நிலத்திலும் புகுந்துவிடுகிறது.

அன்றியும், நட்ட கிழங்கு அப்பருவத்திலேயே சுருங்கி அழிய, அதனிடத்திற் புதிய கிழங்கு உண்டாவது இப்பயிரின் வழக்கம். இரு நுனிகளும் முளைத்தாலும் கிழங்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இரட்டிப்பதேயன்றி அதற்குமேற் பெருகுவதில்லை. ஆகவே வேலியில் ஒரு கொடியைத் தோண்டி எடுத்தால், அவ்விடம் மீண்டும் நிரம்பப் பல ஆண்டுகள் செல்லும். பூத்துக் காய்க்குமுன்னே தோண்டிவிட்டால், விதையாற் பரவும் வழியும் அடைபடுகிறது. பாட்டனார் காலத்தில் வேலிதோறும் நின்ற காந்தள் பல ஊர்களில் இன்று அருகிப்போனதற்கு இவ்வாறு தோண்டுவதும், உயிர்வேலியை அழித்துக் கம்பிவேலி இடுவதும் முக்கிய காரணங்களாகும்.

இவ்விடரிலிருந்து மீளும் வழி ஒவ்வொரு சாகுபடிக்காரரின் கையிலுமே உள்ளது. நடுவதற்கு வேண்டிய கிழங்கை விலைக்கு வாங்காமலும், வேலியிற் பறியாமலும், தன் தோட்டத்திலும் தொட்டியிலும் தானே வளர்த்துக்கொள்ளுதல் வேண்டும். கிழங்கு ஆண்டுக்கு இரண்டாக மட்டுமே பெருக, ஒரு காயினுள்ளோ பல விதைகள் உண்டு. மருந்துக்கு விற்கும் அவ்விதையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினாலே நாற்றங்காலுக்குப் போதும். விதைக்காகவே பயிரிடுபவன், விதையிருக்கக் கிழங்கைத் தேடி அலைவது, பால் விற்பவன் மோருக்கு அயல்வீடு செல்வதை ஒக்கும்.

முறையும் கடினமானதன்று. தோல் சுருங்கி நிறம் மாறும் பருவத்திற் காயைப் பறித்து, நிழலில் ஒரு வாரம் பத்து நாள் உலர்த்தி, செந்நிற விதைகளைப் பிரித்தெடுத்தல் வேண்டும். புது விதை உடனே முளையாது. சில மாதங்கள் உலர்வாக வைத்திருந்து விதைத்தல் நலம். செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து, நீர் சற்றும் தேங்காத மேட்டுப்பாத்தியில், ஓரிரவு நீரில் ஊறிய விதையை மேலாக விதைத்து ஈரம் காக்க வேண்டும். முளைப்பு ஒரே சீராக இராது; சில விதைகள் விரைவிலும் சில மாதக் கணக்கிற் பிந்தியும் முளைக்கும். முளைக்கவில்லையென்று பாத்தியைக் கிளறி எறிந்துவிட்டவர்கள் பொறுமையின்மையால் இழந்தவர்களே. முதலாண்டு இலை மடிந்தபின் மண்ணினுள் சிறு கிழங்கு தங்கும். உறங்கும் மாதங்களில் நீரை அறவே நிறுத்தி, அடுத்த மழைக்குச் சற்று முன்னர் மீண்டும் ஈரம் காட்ட வேண்டும். மூன்றாவது அல்லது நான்காவது ஆண்டில் கொடி பூக்கும்.

பாத்தி எண்ணிக்கைக்கு, தொட்டியோ தெரிந்தெடுப்புக்கு. காந்தள் அயல் மகரந்தச் சேர்க்கையால் காய்க்கும் பயிராதலின், விதையிற் பிறந்த கொடிகள் யாவும் தாயைப் போலவே இரா. ஆகவே வயலில் நன்கு காய்த்து, நோயின்றி நின்ற கொடிகளைப் பூக்காலத்திலேயே நூல் கட்டி அடையாளமிட்டு, அவற்றின் கிழங்குகளை மட்டும் தனியே எடுத்து வைத்தல் வேண்டும். ஓரடி ஆழமுள்ள அகன்ற மண்தொட்டியின் அடியில் ஓட்டுச்சல்லி பரப்பி, மேற்சொன்ன மண்கலவையை நிரப்பி, கிழங்கைப் படுக்கை வாட்டில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் வைத்து மூடலாம். கொடி பற்றுவதற்கு விராலிக் குச்சி ஒன்று நட்டால் போதும். தொட்டியில் வளர்ப்பதால் ஓர் அனுகூலம் உண்டு. கொடி மடிந்தபின் கிழங்கு எங்கே கிடக்கிறது என்று தேடி மண்வெட்டியால் வெட்ட வேண்டுவதில்லை. தொட்டியைச் சாய்த்து மண்ணை உதிர்த்தால், நுனி ஒடியாத கிழங்கு முழுமையாகக் கையில் வரும். வீட்டு முற்றத்தில் இவ்வாறு வளரும் இருபது முப்பது தொட்டிகளே அக்குடும்பத்தின் காந்தட் பயிருக்குத் தாய்க்கிழங்குச் சேமிப்பாக அமையும்.

காத்திருக்கும் மூன்றாண்டுகளுக்கு வருமானம் எங்கே என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. ஆயின் ஒரு ஏக்கரையும் ஒரே ஆண்டில் நிரப்ப வேண்டும் என்பது எச்சட்டம்? நம்பத்தக்க அயல் சாகுபடிக்காரரிடமிருந்து கால் ஏக்கருக்கு மட்டும் கிழங்கு வாங்கி நட்டு, ஆண்டுதோறும் ஒரு பாத்தி விதைத்து வருபவனுக்கு, நான்காம் ஆண்டு முதல் ஒவ்வோராண்டும் நடத்தக்க கிழங்கு தன் தோட்டத்திலேயே கிடைக்கும். கடன் வாங்கி முழு ஏக்கரையும் நிரப்பியவன், விதை விலை வீழ்ந்த ஆண்டிற் கிழங்குக் கடனைச் சுமந்து நிற்பான். சிறிதாகத் தொடங்கியவனோ விலை ஏறினாலும் இறங்கினாலும் நிலைகுலையான். வியாபாரிகள் சிலரே வாங்கும் சரக்கில் விலை நிலையாயிராது என்பதை இப்பயிரிட்டவர்கள் அனுபவத்தால் அறிவர்.

சிறிய அளவே நலமென்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. காந்தள் மலரின் சூல்தண்டு மகரந்தத்தாள்களை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடிந்திருப்பதால், நல்ல காய்ப்பு வேண்டின் கையால் மகரந்தம் சேர்க்க நேர்கிறது. காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரையிலேயே அதற்குத் தக்க வேளை. மலர்தோறும் செய்ய வேண்டிய இவ்வேலை, குடும்பத்தார் கைக்கு அடங்கும் அளவில் நிலமிருந்தாற் செவ்வையாக நடக்கும்; அளவு மீறினால் கூலியே விளைவை விழுங்கிவிடும்.

தொட்டியையும் தோட்டத்தையும் வீட்டருகில் வைத்துக்கொள்ளச் சொல்லுமிடத்து, எச்சரிக்கையொன்றை மறைத்தல் ஆகாது. காந்தளின் எல்லாப் பாகமும் நஞ்சு. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. சர்க்கரைவள்ளி என்றோ வேறு காட்டுக்கிழங்கு என்றோ மயங்கிச் சமைத்துண்டு உயிர் துறந்தவர் உண்டு. வேகவைத்தாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. சாதாரணமாகக் கிடைக்கும் மாற்றுமருந்தும் இல்லை. ஆதலால் நடவுக்கிழங்கைச் சமையலறையிலோ, உணவுக்கிழங்கு வைக்கும் பரணிலோ ஒருபோதும் வைத்தலாகாது. பூட்டிய இடத்தில், அடையாளம் எழுதிய கூடையில் வைத்தல் வேண்டும். தொட்டிகளைக் குழந்தைகளும் கன்றுகாலிகளும் அணுகாதவாறு வேலியிட்டு நிறுத்த வேண்டும். கிழங்கு தொடுவோரும் விதை உடைப்போரும் கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் அவசியம். யாரேனும் தவறி உண்டுவிட்டால் நாட்டு வைத்தியத்திற் காலம் போக்காது, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்று, உண்டது இன்னதென்று சொல்ல வேண்டும். உடல் நன்றாயிருப்பதுபோல் தோன்றும் முதற் சில மணி நேரத்தை நம்பி ஏமாறுதல் கூடாது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதிற் கடமை உண்டு. காப்புக்காட்டிற் புகுந்து கிழங்கு தோண்டுதல் சட்டப்படி குற்றம் என்பதை ஊரார் அறியச் செய்தல் வேண்டும். ஏரிக்கரை, கோயில் நந்தவனம், வண்டிப்பாதை ஓரம் முதலிய பொதுவிடங்களிலுள்ள காந்தளையும் யாரோ வந்து மூட்டைகட்டிச் செல்லுதலைப் பாராமுகமாக விடலாகாது. அடங்கலில் இப்பயிரை 'இதர பயிர்' என்று பொதுப்படக் குறிக்காமல், பெயரும் பரப்பும் தோன்றப் பதிவு செய்தல் மிக்க பயன் தரும். எவ்வூரில் எவ்வளவு பயிர் உள்ளது என்பது கணக்கில் ஏறினாலன்றி, விலை வீழ்ந்தபோதோ, அழுகல் பரவியபோதோ விவசாயி செய்யும் முறையீட்டுக்கு ஆதாரம் இராது.

காந்தளை நம் முன்னோர் வேலியிற் கண்டு மகிழ்ந்தனர். நடவில்லை, அழிக்கவும் இல்லை. இக்காலத்தார் அதனை நட்டுப் பொருளீட்டக் கற்றனர். நடுவதற்கு வேண்டியதை வேலியிலிருந்து பறித்தே தீர்ப்பதென்றால், வேலியும் வெறுமையாகும். வயலும் நெடுநாள் நிலையாது. இவ்வாண்டு காய் பறிக்கும்போது ஒரு படி விதையை விற்காமல் ஒதுக்கி வைப்பவன், நான்காம் ஆண்டில் கிழங்கு வியாபாரியின் வாயிலில் நிற்கமாட்டான். அடுத்த மழைக்கு அவன் வேலியிலும் காந்தள் பூக்கும், தோட்டத்திலும் பூக்கும்.