பார்த்தும் காணாதவர்!

"ஆங்கிலத்தில் 'லுக்' வேறு, 'சீ' வேறு. தமிழிலோ இரண்டிற்கும் 'பார்' என்னும் ஒரு சொல்தான். அதனாலேயே நம் பிள்ளைகள் இடறுகின்றனர்." இவ்வாறு கற்பிப்பவரும், கேட்டுத் தலையாட்டுபவரும் தூத்துக்குடியிலும் உளர். பிள்ளை இடறினால் தாய்மொழியா குற்றவாளி?

ஆங்கிலம் கூறும் வேறுபாடுதான் யாது? கண்ணை ஒன்றன்மேற் செலுத்துவது 'லுக்'. கண்ணிற் பட்டதை உணர்வது 'சீ'. முன்னது முயற்சி, பின்னது பயன்.

இதையா தமிழ் அறியாது? வலையுலர்த்தும் பரதவத் தாயிடம், "மகன் எங்கே?" எனக் கேளுங்கள். "கரையெல்லாம் பார்த்தேன், காணோம்" என்பாள். பார்த்தல் அவள் முயற்சி. காண்டல் அதன் பயன். பள்ளி வாயிலை மிதியாத அவள் அறிந்ததைப் பட்டம் பெற்றவர் அறியவில்லை!

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி வளரும் பாறைத் திட்டுகளுக்கும் 'பார்' என்றே பெயர். அவற்றுள் 'தொள்ளாயிரம் பார்' புகழ்பெற்றது. முத்துக்குளிப்பை அறிவிக்குமுன் அப்பார்களை ஆய்ந்து பார்ப்பர். பார்த்தும் சிப்பியைக் காணாத ஆண்டுகள் பல. அவ்வாண்டுகளிற் குளிப்பும் இல்லை. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்பிற்குப் பின் அத்தொழிலே ஓய்ந்தது. பார்த்தலுக்கும் காண்டலுக்கும் இடையே குளிகாரனின் கூழ் இருந்தது! அவன் வழிவந்தோர்க்கு இவ்வேறுபாட்டை ஆங்கிலமா வந்து கற்பிக்க வேண்டும்?

"'நேற்று உன்னைத் தெருவிற் பார்த்தேன்' என்கிறோமே" எனலாம். உண்மை; பேச்சில் 'பார்' பரந்து 'காண்' இருந்த இடத்திலும் அமர்ந்துள்ளது. ஆயினும் 'கண்டேன்' இறந்துவிடவில்லை. ஈழத்தமிழர் நாவில் அது நாள்தோறும் வழங்குகிறது. பயன்படுத்தாமல் விட்டவர் நாம். பழியைச் சுமப்பது தமிழா?

'பார்' என்பதும் 'லுக்' என்பதற்குள் அடங்கிவிடுவதன்று. உப்பளத் தொழிலாளி வீட்டில், "குழம்பில் உப்புப் பார்" என்றால் நாவாற் பார்க்கின்றனர். மருத்துவர் விரலால் நாடி பார்க்கின்றார். ஆய்ந்தறிதலே அதன் உட்பொருள்.

மூன்றாவதாக 'நோக்கு' உண்டு. அது கருத்தூன்றிப் பார்த்தல். கொற்கையை நோக்கி வந்த கலம் என்கையில் அது திசை. 'நோக்கம்' என்கையில் எண்ணம். தொல்காப்பியம் செய்யுளின் உறுப்புகளுள் ஒன்றாகவே 'நோக்கு' என்பதை வைத்தது. அந்நூலின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தவர் வ.உ.சிதம்பரனார். வெள்ளையனுக்கு எதிராகக் கப்பலோட்டிய அவர் பெயரை 2011 முதல் தாங்கி நிற்கிறது தூத்துக்குடித் துறைமுகம். பெயர்ப்பலகையைப் பார்க்கிறோம், அவர் கண்ட தமிழைக் காண்கிறோமா?

ஆசிரியப் பெருமக்களே! கரும்பலகையில் எழுதுங்கள்: 'லுக்' பார், 'சீ' காண். ஒரு நொடியில் விளங்கும். ஆங்கிலத்தைக் கற்பியுங்கள், தடையில்லை. ஆனால் 'சீ' என்னும் சொல்லைக் கற்பிப்பதற்காகத் தாய்மொழியைச் 'சீ' என்று தள்ளாதீர்கள்!