இசைத்தட்டுகளைப் பற்றி ஒரு விண்ணப்பம்

நம் கலாசாலை மாணாக்கர் சிலர், ஜாஸ் என்னும் அமெரிக்க இசையின் பழம் பதிவுகளைத் தம் கைப்பேசியிற் கேட்டு மகிழ்ந்து, வாசித்தோர் இன்னார், வாசித்த நாள் இன்னது என்று ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்வதை யான் வியப்புடன் கேட்டதுண்டு. அவ்வறிவைக் குறைகூற வந்தேனல்லேன். அவர்களை நோக்கி, "கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையார் இளமையிற் பாடிய தட்டு ஒன்றேனும் கேட்டதுண்டோ?" என வினவினேன். "ஔவையார் படத்தில் நடித்த பாட்டியாரோ?" என்றனர். அப்படம் 1953-இல் வெளிவந்தபோது அம்மையாருக்கு வயது 45-க்கு மேலில்லை. எனினும் நம் பிள்ளைகள் மனத்தில் அவர் இளமையே இல்லாதவராய்ப் பிறந்துவிட்டார். அவ்விடையே இக்கட்டுரைக்குக் காரணம்.

மாணாக்கர் கேட்டவை 1927-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சிகாகோ நகரில் ஓகே கம்பெனியார் எடுத்த பதிவுகள். மெக்கென்சி, காண்டன் என்னும் இருவர் பெயரால் வந்த அந்நான்கு பாட்டுகளை வாசித்தவருட் பெரும்பாலோர் இருபத்திரண்டு வயதைத் தாண்டாதவர். முரசடித்த ஜீன் குரூப்பாவுக்கு வயது 18. சிலர் ஆஸ்டின் உயர்நிலைப் பள்ளியில் உடன் பயின்றோர். 1922-இல், பள்ளிக்கு அணித்தாயிருந்த ஓர் ஐஸ்கிரீம் கடையின் கிராமபோனில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வாத்தியக்காரரின் தட்டுகளைக் கேட்டதே அவர்கட்குத் தொடக்கம். சிறிது கேட்பதும், ஊசியைத் தூக்குவதும், தாம் வாசித்துப் பார்ப்பதுமாகக் கற்றனர். அவ்விசையைப் படைத்தவர் தென்னாட்டிலிருந்து குடிபெயர்ந்த கறுப்பின மக்கள் என்பதை மறத்தலாகாது. கிங் ஆலிவர் குழுவினர் 1923-இல் முதன்முதற் பதிவு செய்தபோது, அக்குழுவிலிருந்த லூயி ஆர்ம்ஸ்டிராங்குக்கு வயது 21 தான். பிறரிடம் கற்றதாயினும், சிகாகோ இளைஞர் அதில் தம் ஊரின் வேகத்தையும் துடிப்பையும் ஏற்றினர். 'சிகாகோப் பாணி' என்று பெயரும் நிலைத்தது. அவருள் கிளாரினெட் வாசித்த பிராங்க் டெஷ்மாக்கர் 1906-இற் பிறந்தவர். 1932-இல் மோட்டார் விபத்தில் மாண்டார். எஞ்சியவை அவர் தட்டுகளே.

அதே 1906-இற் செங்கோட்டையிற் பிறந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. அவரும் 1933-இல், 27-ஆம் வயதில் மறைந்தார். எஞ்சியவை அவர் தட்டுகளே.

சுந்தராம்பாள் அம்மையார் 1908-இற் கொடுமுடியிற் பிறந்தார். இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ள அக்காவிரிக்கரை ஊர் அந்நாளிற் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. வறுமையிற் பிறந்து, இரயில் வண்டியிற் பாடித் திரிந்த சிறுமி நாடகக் குழுவிற் சேர்ந்து, ஆண் வேடமும் பெண் வேடமும் பூண்டு பெயர் பெற்றதை நம் பக்கத்தார் இன்றும் கதையாகச் சொல்லுவர். 1926-இற் கொழும்பு நகரில் கிட்டப்பாவுடன் நடித்தபோது இவருக்கு இருபது நிரம்பவில்லை. அவருக்கு இருபதே ஆண்டு. மறு ஆண்டில் மணம் புரிந்தனர். கிட்டப்பாவின் மறைவுக்குப் பின் அம்மையார் வெள்ளுடை பூண்டதை எல்லாரும் அறிவர். ஆனால் அத்துயரக் கதையையே ஓயாது சொல்லிச் சொல்லிப் பாட்டைக் கேட்க மறந்துவிட்டோமோ என்பது என் ஐயம்.

அவர்கள் பாடியது எவ்வகை இசை? கர்நாடக இராகம் அதற்கு அடித்தளம். பார்சி நாடகக் குழுவினர் ஊரூராகக் கொணர்ந்த இந்துஸ்தானி மெட்டுகளும், காவடிச்சிந்தும், கும்மியும், தேவார திருப்புகழ்களை விருத்தமாகப் பாடும் முறையும் அதன்மேற் சேர்ந்தன. ஒலிபெருக்கியில்லாத கொட்டகையில், இரவு முழுதும், பின்வரிசையில் மணலில் அமர்ந்தவன் செவிக்கும் எட்டும்படி பாட வேண்டியிருந்தமையால் சுருதி மிக உயர்ந்தது. கிட்டப்பாவின் பிருகாக்கள் மின்னல்போல் ஓடி மறையும். சுந்தராம்பாளோ ஓரெழுத்தும் மழுங்காமற் சொல்லை நிறுத்திப் பாடுவார். உடன் ஒலித்தது ஆர்மோனியம். சங்கீத வித்துவான்கள் பலர் அக்கருவியை வெறுத்தனர். அகில இந்திய வானொலியும் 1940-இல் அதனை விலக்கி வைத்தது. நம் சிற்றாலயத்தில் ஞாயிறுதோறும் அதனை மிதித்தும் அமுக்கியும் கீர்த்தனை பாடும் நாம் அக்கருவியை இகழ நமக்கு உரிமையில்லை.

ஆகவே நாடகப் பாட்டு, சாஸ்திரீய சங்கீதத்தின் சிதைந்த வடிவம் அன்று. இளைஞர் தம் கையிற் கிடைத்தவற்றைக் கொண்டு சமைத்த தனிப் பாணி என்பதே என் கருத்து. சிகாகோ இளைஞர்க்கு நாம் எளிதில் வழங்கும் அம்மதிப்பைக் கொடுமுடிச் சிறுமிக்கு வழங்கத் தயங்குவது ஏன்?

அத்தட்டுகளிற் குறையில்லை என்று சொல்ல வரவில்லை. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். கொட்டகையிற் கால் மணி நேரம் வளர்ந்த பாட்டை அதற்குள் அடக்க நேர்ந்தமையால், முடிவை நெருங்கும்போது சில பாட்டுகள் ஓடத் தொடங்கும். ஆயினும் அந்நெருக்கடியே பாட்டின் உருவத்தைச் செதுக்கிற்று. இராமலிங்க அடிகளின் அருட்பா ஒன்றைக் கிட்டப்பா விருத்தமாகப் பாடிய கொலம்பியாத் தட்டைக் கேட்பார், வீணான ஓர் அசைவும் அதில் இல்லாமையை உணர்வர். அதுவன்றி, கொட்டகைக்குச் செல்ல இயலாதவனும் தேநீர்க்கடை வாயிலிலும் கல்யாண வீட்டுப் பந்தலிலும் தட்டைக் கேட்டே அப்பாட்டைக் கற்றான். ஐஸ்கிரீம் கடைக் கதை நம் நாட்டிலும் நடந்ததே. அவ்வாறு பரவிய பாணியே பின்னர்த் திரைப்படத்தினுட் புகுந்தது. நம் நகரத்துச் சென்டிரல் ஸ்டூடியோவில் உருவாகி 1943-இல் வெளிவந்த 'சிவகவி'யிற் பாடிய தியாகராஜ பாகவதரும் நாடக மேடையில் வளர்ந்தவரே. (இடையில் ஒன்று: அந்நாளைய தட்டுகள் அரக்கினால் ஆனவை, உலகிற்கு அவ்வரக்கைப் பெரும்பாலும் வழங்கியது இந்தியா. சிகாகோப் பிள்ளைகளின் தட்டிலும் நம் நாட்டுக் காட்டு மரத்தில் வாழும் அரக்குப் பூச்சியின் பிசின் கலந்திருத்தல் கூடும்.)

இனி வேறுபாட்டைச் சொல்லுகின்றேன். சிகாகோவில் எந்த நாளில் எவர் எக்கருவியை வாசித்தார் என்பதை நம் மாணாக்கர் நொடியிற் சொல்ல முடிவது எதனால்? தட்டின்மேல் அவ்விவரம் அச்சாகவில்லை. சார்ல் தெலோனே என்னும் பிரெஞ்சு இளைஞர் 1936-இல், தம் இருபத்தைந்தாம் வயதில், ஜாஸ் தட்டுகளுக்கு ஒரு பட்டியல் தொகுத்து நூலாக வெளியிட்டார். அவரும் அவர்க்குப் பின் வந்தோரும் வாத்தியக்காரர் உயிரோடிருந்தபோதே கேட்டும், கம்பெனிக் கணக்கைப் புரட்டியும் எழுதி வைத்தனர். இந்தியாவின் முதற் பதிவுகளுக்கு அத்தகைய பட்டியலை 1994-இல் வெளியிட்டவர் மைக்கேல் கின்னியர் என்னும் ஆஸ்திரேலியர். நம் நாடகத் தட்டுகளையோ தனி அன்பர் சிலர் தம் பொருளைச் செலவிட்டுத் திரட்டி வைத்துள்ளனர். வலைத்தளங்களிலும் பாட்டுகள் கிடைக்கின்றன. ஆயின் பல, தட்டின் எண்ணுமின்றி, உடன் வாசித்தவர் பெயருமின்றி, தாய் தந்தை அறியாக் குழந்தைகள்போற் கிடக்கின்றன.

"எல்லாம் வலையில் உளவே, தட்டு எதற்கு?" என்பார்க்கு ஒரு சொல். வலையில் உள்ளது, ஒருவர் கையிற் கிடைத்து அவர் விரும்பி ஏற்றியது மட்டுமே. கிடைக்காதது எங்கேனும் ஒரு பரணில் உள்ளது. பரண் காலியாகும் நாளிற் பழஞ்சாமான் வண்டியில் ஏறுகின்றது. அரக்குத் தட்டு பித்தளைக் குடமன்று. ஒருமுறை விழுந்தால் முடிந்தது.

நம் கலாசாலை மாணாக்கர் காங்கயம், தாராபுரம், கோபிசெட்டிபாளையம், பவானி, பொள்ளாச்சி முதலிய ஊர்களினின்று வருகின்றனர். வரும் கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் ஊரில் இரண்டு மூன்று பழைய வீடுகளில் தாத்தாவையும் அப்பத்தாவையும் அணுகிக் கேட்பாராக. தட்டைக் கேட்டு வாங்க வேண்டுவதில்லை. மேலொட்டியுள்ள காகிதத்திற் காணும் பெயர், இராகம், முத்திரை, எண் ஆகியவற்றையும், காகிதத்திற்கு வெளியே கறுப்புப் பரப்பிற் பொறித்துள்ள சிற்றெண்ணையும் எழுதிக்கொண்டு, இரு பக்கத்தையும் படம் எடுத்தாற் போதும். அத்தட்டு வீட்டிற்கு எப்போது வந்தது, யார் வாங்கினார், எந்தத் திருமணத்தில் ஒலித்தது என்பனவற்றையும் கேட்டு எழுதுக. பெட்டியிலுள்ள பழைய எஃகு ஊசியால் ஓட்டிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குக. நூல் நிலையத்தார் ஒரு பேரேடு ஒதுக்குவாராயின், அடுத்த ஆண்டு இம்மலரிலேயே முதற் பட்டியலை அச்சிடலாம். தூசி படிந்த தட்டை ஈரத்துணியால் மெல்லத் துடைக்கலாம். காகிதத்தின்மேல் நீர் படலாகாது. ஸ்பிரிட் கலந்த எதனையும் தொடவே வேண்டா, அரக்குக் கரைந்துவிடும்.