விரைந்து வா என்றது யாரை?

ஹரிஹரன், லெஸ்லி லூயிஸ் என்ற இருவரும் 1996இல் வெளியிட்ட 'கலோனியல் கசின்ஸ்' தொகுப்பில் இன்று பலரது நினைவில் எஞ்சியிருப்பது 'கிருஷ்ணா' ஒன்றே. அதே தொகுப்பின் 'ச நி த ப' அவ்வாண்டே எம்டிவி நேயர் விருது பெற்றது. அதைக் கேட்டவர்கள்கூட மறந்துவிட்டனர். பின்வந்த தொகுப்புகளோ, இருவரும் இசையமைத்த 'மோதி விளையாடு' (2009) திரைப்படமோ அந்த இடத்தை எட்டவில்லை. ஆகவே 'ஒரு பாட்டுக்காரர்கள்' என்ற பட்டம் ஓரளவு நியாயமே. நியாயமற்றது, அந்த ஒரு பாட்டையும் 'ஃபியூஷன்' என்று சொல்லிக் கடந்துவிடுவது.

பல்லவி வியாசராயருடையது என்பர். கன்னடம், யமுனா கல்யாணி. திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து பம்பாயில் வளர்ந்த ஹரிஹரன் அதைப் பாடியதில் வியப்பில்லை. (சுவாதித் திருநாளின் ஊரில் பாட்டுக்குக் கன்னடம் என்றைக்கு அயல்மொழியாக இருந்தது?) பாலசரசுவதியின் அபிநயத்தில் அந்தப் பதம் குழந்தையைக் கொஞ்சி அழைக்கும் தாயின் குரல். லெஸ்லி பாடும் ஆங்கில அடிகள் அந்த அழைப்பின் பொருளையே மாற்றுகின்றன. இயேசுவாக வா, இராமனாக வா, அல்லாவாக வா, எங்களை மன்னித்துவிடு என்று அவை இறைஞ்சுகின்றன. 1992 டிசம்பரும் 1993 ஜனவரியும் பம்பாயில் விட்டுச்சென்ற காயம் ஆறாத காலத்துப் பாட்டு அது. கொஞ்சல் அங்கே மன்றாட்டாகிவிடுகிறது. யமுனா கல்யாணியும் கிதாரும் இணைந்த அழகை வியந்து எழுதுவோர் இந்த மன்னிப்பு எதற்காக என்று கேட்பதில்லை. ஆங்கில அடிகளை நீக்கிப் பல்லவியை மட்டும் மேடையில் பாடலாம்; ஆனால் அதற்கு இந்த இருவர் தேவையில்லை.